தாத்தாவின் கல்

மண்டபம் வடகரையில் தாத்தாவின் வல்லத்துக்கு இருந்த நங்கூரச் சாமான் ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும்: நடுவில் துளையிட்ட ஒரு கல், அந்தத் துளையில் குறுக்கே ஒரு கட்டை, பத்துப் பாகம் தும்புக்கயிறு. காற்று முறுக்கினால் நாலு பேர் சேர்ந்து வல்லத்தை மணலில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் கடலோடு அதற்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

என்னுடையது 48 அடி விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மராமத்துக்காகக் கரையேறுவதோடு சரி. மற்ற நாளெல்லாம் தண்ணீரில்தான் கிடக்க வேண்டும். ஆகவே சாமான் வாங்கப் போனேன்.

"எஸ்.எஸ். ஷேக்கிள் எடுத்துக்கங்க சம்மாட்டி, துருவே ஏறாது" என்றார் கடைக்காரர். உண்மைதான், ஏறவில்லை. அதை ஜி.ஐ. சங்கிலியில் மாட்டியிருந்தேன். வருஷம் திரும்பியபோது ஷேக்கிள் புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது. அது தொட்டுக்கொண்டிருந்த கண்ணி மட்டும் மேல்பூச்சு போய் இளைத்துக் கிடந்தது. உப்புத்தண்ணீரில் ரெண்டு உலோகம் ஒட்டிக் கிடந்தால் ஒன்று மற்றதைத் தின்னும் என்றார் மெக்கானிக். (சில குடும்பங்களிலும் பார்த்திருக்கிறேன்.) ஜி.ஐ. ஷேக்கிளுக்கே மாறினேன், ஆணி சுழன்று கழன்றுவிடாமல் கம்பி போட்டும் கட்டினேன்.

கயிறு அடுத்த பாடம். மலிவு என்று வாங்கிய நீலக் கயிறு தண்ணீரில் மிதந்து பக்கத்துப் படகின் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. வசவு எனக்கு. நைலான் மூழ்கும், அலை உதறும்போது நீண்டுகொடுத்து உதறலைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் அணியத்தில் உராயும் இடத்தில் தேய்ந்து அறுந்துவிடும். அங்கே பழைய தீயணைப்புக் குழாயை உறைபோல மாட்டியிருக்கிறேன். இத்தனைக்கும் மேல், கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது வேண்டும் என்று பாடம் எடுத்தார் கடைக்காரர். தாத்தா வல்லம் நின்றது ரெண்டு பாகம் தண்ணீரில்.

எல்லாம் சரியாக இருந்த ஒரு வாடைக்காற்று ராத்திரியில் கயிறு அறவில்லை, சங்கிலி அறவில்லை. கயிறு கட்டியிருந்த இரும்புக் குமிழ்தான் தளத்துப் பலகைத்துண்டோடு பிய்ந்து வந்தது. நாலு மர ஸ்குரூவில் நிறுத்தியிருந்தார்களாம். பக்கத்துப் படகின் டயர்கள்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றின. அந்தப் படகுக்காரரிடம் மறுபடியும் வசவு. பிறகு ஆசாரி வந்து, தளத்துக்கு அடியில் தடித்த இரும்புத்தகடு வைத்து, போல்ட்டை மேலிருந்து கீழே ஊடுருவ விட்டு, நட்டை முறுக்கினார்.

இப்போது பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் போதும், டார்ச்சோடு கரைக்கு ஓடுகிறேன். தாத்தா அந்த மாதிரி ராத்திரிகளில் வல்லத்துக்கடியில் குறட்டை விட்டுத் தூங்கியவர்.

போன தடைக்காலத்தில் கடைசியாக ஒன்று வாங்கினேன். சேற்றுத்தரைக்கு அதுதான் பலமாம், தானே புதைந்து உட்கார்ந்துகொள்ளுமாம். பெயர் மூரிங் பிளாக். லாரியில் இறக்கியபோது பார்த்தேன்: ஒரு பெரிய சிமென்ட் கல், நடுவில் வளையம்.

தாத்தாவின் கல் கொல்லையில் கிடக்கிறது. அதில் ஆட்டைக் கட்டியிருக்கிறோம். இதுவரை ஒருமுறைகூட அவிழ்ந்ததில்லை.