பாட்டரியின் மேல் பழி

கேள்வி: ஒரே வருஷத்தில் இரண்டு பாட்டரி மாற்றிவிட்டேன், மூன்றாவதும் காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. "இந்தக் காலத்துப் பாட்டரி அவ்வளவுதான் சார்" என்கிறார் கடைக்காரர். இது என் ஜாதக தோஷமா, பாட்டரியின் தோஷமா?
*(வாசகர், பென்னலூர்)*

பதில்: இரண்டுமன்று, ஆல்டர்னேட்டரின் தோஷமாக இருக்கவே இடம் அதிகம். காரென்னும் குடும்பத்தில் மின்சாரத்தைச் சம்பாதித்துப் போடுகிறவர் ஆல்டர்னேட்டர். பாட்டரியோ, அவர் கொண்டுவருவதை வாங்கி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் என்ஜினை உருட்டிவிடுவதற்காக இரண்டு மூன்று விநாடிக்குள் கைநிறைய அள்ளிக் கொடுக்கும் பணப்பெட்டி மட்டுமே. சம்பாத்தியம் நின்றுபோன வீட்டில் பெட்டியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பெட்டிக்கடைக்காரருக்கு க்ஷேமம் உண்டாகுமே தவிர, உலையில் அரிசி விழாது.

உடையவர் ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். குரு ரகசியமென்று உபதேசித்த மந்திரத்தை அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேலேறி ஊரறியச் சொன்னார் என்பது ஐதீகம். பாட்டரிக் கடைகளில் ரகசியமாகவே வைக்கப்பட்டிருக்கும் சில எண்களை வெளியிட எனக்குக் கோபுரம் வேண்டாம், இந்தப் பத்தியே போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி, இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியின் பாட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள், 12.6 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் அது நிறைந்த பாட்டரி. பிறகு என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், 13.8 முதல் 14.5 வரை ஏறவேண்டும். ஏறாமல் 12 சொச்சத்திலேயே நின்றால் சம்பாத்தியம் இல்லையென்று அர்த்தம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் தன் கடமையை மறந்து, பாட்டரியைக் கொதிக்கவைத்துக் கொன்றுகொண்டிருக்கிறது. கடைசியாக ஹெட்லைட்டையும் ஏ.சி.யையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்பொழுதும் 13-க்கு மேல் தாராளமாக நிற்கவேண்டும். இந்தப் பரீட்சையின்போது துண்டையும் வேஷ்டித் தலைப்பையும் பெல்ட்டின் பக்கம் தொங்கவிடாதிருப்பது ஆயுளுக்கு நல்லது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அதற்கு மீட்டர்கூட வேண்டாம். ஆல்டர்னேட்டரின் உள்ளே பிறப்பது திசை மாறிமாறி ஓடும் மூன்று கட்ட மின்சாரம். அதைப் பாட்டரி ஏற்றுக்கொள்ளும் நேர்மின்சாரமாக்கி அனுப்புகிறவை பெரும்பாலும் ஆறு டயோடுகள். உள்ளிருந்து வெளியே போகவிடுவதும், வெளியிலிருந்து உள்ளே வரவிடாமல் மறிப்பதும் அவற்றின் தர்மம். அவற்றில் ஒன்று கெட்டு இருபுறமும் வழிவிட ஆரம்பித்தால், நீங்கள் நித்திரை செய்யும் நேரமெல்லாம் பாட்டரியிலிருந்து மின்சாரம் திருட்டுத்தனமாக ஆல்டர்னேட்டருக்குள் கசிந்துகொண்டேயிருக்கும். ஆகவே, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். என்ஜின் முழுவதும் பனியில் குளிர்ந்து கிடக்க, அது ஒன்று மட்டும் இளஞ்சூடாக இருந்தால், மூன்று பாட்டரிகளைத் தின்ற கள்வன் கையோடு அகப்பட்டான். பெரும்பாலும் டயோடு பிளேட்டை மாற்றினால் தீரும் வியாதி இது. நான்காவது பாட்டரிக்கு வேலையில்லை.

கேள்வி: எங்கள் ஊர் மூத்த மெக்கானிக், என்ஜின் ஓடும்போதே பாட்டரி ஒயரைக் கழற்றிவிடுகிறார். என்ஜின் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்கிறார். சரியா?
*(வாசகர், சுங்குவார்சத்திரம்)*

பதில்: அவர் கற்றுக்கொண்ட காலத்தில் சரி. அந்நாளைய வண்டிகளில் இருந்தது டைனமோ. வண்டிக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும், சுழலும் ஆர்மேச்சரிலிருந்து கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாகவே வெளிவர வேண்டியிருந்ததால் கார்பனும் சீக்கிரம் தேய்ந்தது. என்ஜின் நிதானமாக ஓடுகையில் சார்ஜும் ஏறவில்லை. பழைய அம்பாஸடர் சந்திப்பில் நின்றவுடன் ஹெட்லைட் கண் செருகியது ஞாபகம் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலிக்கன் டயோடு மலிவானபின் நிலைமை மாறிற்று. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரையே வைத்து விற்றது. 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியும் நம் டி.வி.எஸ். ஸ்தாபனமும் கூடி, வண்டிகளுக்கான மின்கருவிகள் செய்ய லூகாஸ்-டி.வி.எஸ். கம்பெனியைத் தோற்றுவித்தன. சென்னைப் பாடியில் அமைந்த அதன் தொழிற்சாலை, பஸ் கண்டக்டர்களின் வாயில் வெறும் "லூகாஸ்" ஆகி, ஸ்டாப்பிங்காகவே நிலைத்துவிட்டது. ஆல்டர்னேட்டரில் பெரிய மின்சாரம் அசையாத ஸ்டேட்டரிலிருந்து பிறக்கிறது; சுழலும் ரோட்டாரைக் காந்தமாக்கச் சில ஆம்பியர் மட்டுமே கார்பன் வழியாகப் போகிறது.

இத்தகைய யந்திரம் முழு வேகத்தில் சார்ஜ் செய்துகொண்டிருக்கையில் பாட்டரியைத் திடீரென்று பிடுங்கினால், போக்கிடமற்ற மின்சாரம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பல மடங்கு வோல்ட்டாக எகிறி, தடுப்பு டயோடு இல்லாத வண்டியில் நூறைக்கூட எட்டி, டயோடுகளையும் கார் முழுவதையும் ஆளுகிற கம்ப்யூட்டர் பெட்டியையும் பலி வாங்கிவிடும். பெரியவரை வணங்குங்கள், ஸ்பேனரை மட்டும் பணிவுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவு ஷிப்ட் முடிந்து வண்டியை எடுக்கும்போது பானெட்டுக்குள் 'கிறீச்' என்று ஒரு அலறல், சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. அடங்கிவிடுவதால் விட்டுவிடலாமா?
*(வாசகர், ஒரகடம்)*

பதில்: அழுத குழந்தை அடங்கிவிட்டதென்றால் பசி தீர்ந்ததென்று கொள்ளலாகாது. ஸ்டார்ட் செய்ததில் இழந்ததைப் பாட்டரி ஆவலோடு திரும்பக் கேட்கிறது. பாரம் ஏறிய ஆல்டர்னேட்டரைச் சுழற்ற முடியாமல் பெல்ட் வழுக்குகிறது. அதுவே அந்த அலறல். பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, குறுக்கே வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். நன்றாயிருந்தால் டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் தடவினால் அடங்கும் என்று யோசனை சொல்கிறவர் உங்கள் சிநேகிதர் அல்லர். அலறலாக இல்லாமல், வேகத்தோடு ஏறியிறங்கும் உறுமலாக இருந்தால் பேரிங். அதைத் தள்ளிப்போட்டால் ஒருநாள் வாலாஜாபாத் சாலையில், லாரிகளின் நடுவில் தேதி குறிக்கப்படும்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு முன் என்ஜினைத் தண்ணீர் பீச்சிக் கழுவினேன். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழமும் வைத்தேன். மறுநாள் பாட்டரி விளக்கு எரிகிறது. எதில் குறை?
*(வாசகர், மாம்பாக்கம்)*

பதில்: எலுமிச்சம்பழம் நிரபராதி. ஆல்டர்னேட்டர் தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் பொருட்டு உடலெங்கும் ஜன்னல் வைத்துக்கொண்டிருக்கிற ஜீவன். பிரஷர் குழாயால் அதற்கு அபிஷேகம் செய்தால் தண்ணீரும் அழுக்கும் கார்பனிலும் பேரிங்கிலும் போய்த் தங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய கார்களை நினைத்துப் பாருங்கள்: துடைத்துக் காயவைத்து ஓட்டிய பின்னும், வண்டல் உள்ளேயே இருந்ததால் சில மாதம் கழித்து ஆல்டர்னேட்டர் மடிந்த கதைகள் உண்டு. அந்தப் பாட்டரி விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து, என்ஜின் ஓடியதும் அணையவேண்டும். ஓடும்போது மங்கலாக மினுக்கினாலும் குற்றம். சாவி திருப்பும்போதே எரியாவிட்டாலும் குற்றம். இரண்டாவதைத்தான் எவரும் கவனிப்பதில்லை.

கேள்வி: என் புதிய காரில் ஒரு சமயம் 12.7, ஒரு சமயம் 14.8 காட்டுகிறது. மேலே நீர் சொன்ன எண்கள் பொய்யா?
*(வாசகர், இருங்காட்டுக்கோட்டை)*

பதில்: பாட்டரியின் மைனஸ் முனையில் சிறு கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கம்ப்யூட்டரே சமயம் பார்த்துச் சார்ஜை ஏற்றியிறக்குகிறது. எரிபொருள் சிக்கனம் கருதிச் செய்த ஏற்பாடு. அத்தகைய காருக்கு என் எண்கள் போதா. ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள்.

கேள்வி: மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்த உபத்திரவமெல்லாம் ஒழியுமல்லவா?
*(அதே வாசகர்)*

பதில்: உங்கள் ஊர் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்தே 2025 ஜனவரியில் கிரெட்டா எலக்ட்ரிக் அறிமுகமாயிற்று, அதில் ஆல்டர்னேட்டரும் இல்லை, பெல்ட்டும் இல்லை, கார்பனும் இல்லை. ஆனால் விளக்குக்கும் பூட்டுக்கும் கம்ப்யூட்டருக்குமாகப் பழைய 12 வோல்ட் பாட்டரி ஒன்று அதிலும் பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பெரிய பாட்டரியிலிருந்து அதற்குப் படியளக்க டி.சி. கன்வெர்ட்டர் என்ற பெட்டி உண்டு. சின்னது செத்துப்போனால், பெரியது நிறைந்திருந்தும் காரை உயிர்ப்பிக்க வழியில்லை. மல்டிமீட்டரை விற்றுவிடாதீர்கள்.