ஆயில் லைட் மாமா

மயிலாப்பூரில் பழைய கார் வைத்திருப்பவர்களில் இவர் ஒரு தனி ரகம். பேங்கிலிருந்து ரிட்டயரானவர். வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் வண்டலூர் பக்கத்தில் தயாரான 948 சிசி மதராஸ் கார். "அப்பா வாங்கினது" என்று சேர்க்காமல் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்.

சிலிண்டரை போர் பண்ணி, ஜி.பி. ரோடு முழுக்க அலைந்து பேரிங் வாங்கி, என்ஜினைக் கட்டி முடித்தாயிற்று. மெக்கானிக்குக்குக் கை துறுதுறுக்கிறது.

"ஸ்டார்ட் பண்ணிடலாமா சார்?"

"அடப்பாவி!"

பதறுவதில் நியாயம் உண்டு. புதிதாகக் கட்டிய என்ஜினில் ஆயில் சம்ப்பில்தான் கிடக்கும்; பம்ப்பும் பேரிங்குக்குப் போகும் வழிகளும் காலியாக இருக்கும். அப்படியே கிளப்பினால் ஆயில் வந்து சேர்வதற்குள் புதுப் பேரிங்கில் கோடு விழும். அதனால் ஃபில்டரில் ஆயில் ஊற்றி மாட்டி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, வெறுமனே செல்ஃப் அடிக்க வேண்டும். பிளக் இல்லாததால் கம்ப்ரெஷன் இல்லை, பேரிங்குக்குச் சுமையும் இல்லை. ஆயில் லைட் அணைந்தால் பிரஷர் வந்துவிட்டது. கொஞ்ச நேர வேலைதான்.

மாமாவுக்கு அது அரைநாள் உற்சவம். "சனிக்கிழமை, பத்தரை வரைக்கும் ராகு காலம்னா" என்று மாமி நினைவூட்டினால், "ஆயில் ஏறாம ஸ்டார்ட் பண்றதுதான்டீ ராகு காலம்" என்பார். பத்து செகண்ட் செல்ஃப், பிறகு மோட்டார் ஆற வேண்டுமென்று ஓய்வு. ஓய்வுக்கு ஓய்வு காபி, காபிக்குக் காபி அப்பா காலத்துக் கதை.

லைட் அணைகிறது. மெக்கானிக் கைதட்டுகிறார். மாமா முகம் சுருங்குகிறது.

"பல்பு போயிருக்குமோ?"

பல்பைக் கழற்றிச் சோதித்து, பிரஷர் கேஜ் மாட்டிச் சோதித்து, கடைசியில் பிளக்குகளைப் போடும்போது பேட்டரி படுத்துவிடுகிறது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக். மாமாவுக்குத் துளி வருத்தமில்லை.

"அதுக்குள்ள ஆயில் இறங்கிடும்ப்பா. முதல்லேருந்து பண்ணணும்."

என்றாவது ஒருநாள் வண்டி கிளம்பவும் செய்யும். புது என்ஜின் பழகும்வரை நாற்பதைத் தாண்ட மாட்டார். திரு.வி.க. பாலத்தில் ஸ்கூட்டியில் போகும் பாட்டிகள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்துவார்கள்.

இவர் "வாங்கோ, சென்ட்ரல்ல டிராப் பண்றேன்" என்றால், ரயில் முக்கியமென்று நினைப்பவர்கள் ஆட்டோ பிடியுங்கள். பழைய கார் வாங்க நினைப்பவர்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இவருடையதை வாங்கலாம். விற்க மாட்டார் என்பது வேறு விஷயம்.