அசையாதீங்க, இன்னும் ஒரு செகண்டு

கேமரா வாங்கி மூன்று வருஷம்கூட ஆகியிருக்காது. அதன் மூஞ்சியில் மாட்டியிருக்கும் லென்ஸுக்கோ ஐம்பது வயது நெருங்கும். இரண்டுக்கும் நடுவே அடாப்டர் என்றொரு உலோகக் குழாய். மூன்றையும் கழுத்தில் தொங்கவிட்டு, இடது கையால் ஓயாமல் எதையோ திருகிக்கொண்டே ஒருவர் கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிறாரா? அவர்தான். வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் சொந்தத்துக்கு ஒருவர் இப்போது தேறுகிறார்.

காசு கொடுத்து வரவழைத்த போட்டோகிராபர் வேறு. அவரிடம் ஆட்டோஃபோகஸ் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் படம் சரமாரியாக விழும். நம்மவர் அவரைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சும்மா போய்க்கொண்டிருக்கும் பெண்ணின் அத்தையை வழிமறிப்பார். "அத்தை, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. இன்னும் ஒரு செகண்டு." அந்த ஒரு செகண்டு முடிவதற்குள் முதல் பந்தி எழுந்து, இலை எடுத்து, இரண்டாம் பந்தி உட்கார்ந்துவிடும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கணக்கு அப்படி. 58 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2-க்கு முழுசாகத் திறந்து, ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் முகத்தைப் பிடித்தால், கூர்மையாக விழுகிற இடத்தின் ஆழம் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர்தான். கண் தெளிந்தால் காது கலங்கும். அத்தை பெருமூச்சு விட்டால் கண்ணும் போச்சு. அவருக்கும் மூச்சு என்று ஒன்று உண்டு, அது தனிச் சிக்கல். கேமராத் திரையில் முகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, இமை ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் மினுங்கும்வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். கடைசியில் வளையத்தையும் விட்டுவிட்டு உடம்பையே முன்னும் பின்னும் ஆட்ட ஆரம்பிப்பார். விஷயம் தெரியாதவர்கள் எலுமிச்சம்பழம் தேட ஓடுவார்கள்.

ஒருவழியாகப் படம் விழுந்ததும் திரையைத் திருப்பிக் காட்டுவார். அத்தை தன் முகத்தை அதில் தேடுவார். மூக்குத்தி மட்டும் பளீரென்று தெரியும். "அந்தக் கல்லைப் பாருங்க அத்தை! இப்போ வர்ற எந்த லென்ஸும் இதைக் குடுக்காது." அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார். செல்போன் வைத்திருக்கிற பேரன் எங்கே என்று விசாரித்துக்கொண்டு போவார்.

இவர்கள் கையில் பெரும்பாலும் சிக்குவது ஹீலியாஸ் 44-2. ஜெர்மனியின் ஜைஸ் பயோட்டார் லென்ஸைப் பார்த்து சோவியத்காரர்கள் செய்தது. மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்கிலும் வேறு ஆலைகளிலும் வார்த்து, ஜெனிட் கேமராக்களோடு உலகமெல்லாம் அனுப்பினார்கள். லென்ஸின் முகப்பு வளையத்தில் எண் பொறித்திருக்கும். பல சோவியத் லென்ஸ்களில் அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. "78. எங்க அக்காவும் இதுவும் ஒரே வருஷம்" என்பார். அக்காவின் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டுவிடாதீர்கள்.

இந்த லென்ஸின் பெருமை, அதன் பின்னணி சுழலும். ஓரத்தில் விழும் வெளிச்ச வட்டங்களை லென்ஸ் குழலின் விளிம்பு வெட்டிவிட, அவை பூனைக்கண் வடிவில் நசுங்கி நடுவைச் சுற்றி வரிசை கட்டும். லென்ஸ் வடிவமைக்கிற பொறியாளர் இதைப் பிழை என்பார். நம்மவர் 'கேரக்டர்' என்பார். ஓரம் மங்கினால் கனவு மாதிரி, எதிர்வெயிலில் படம் வெளுத்தால் கவிதை. இதே சங்கதி புது லென்ஸில் இருந்திருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்பார்.

சுழல் வேண்டுமென்றால் பின்னால் இலை வேண்டும். இலைக்கு நடுவே வெளிச்சம் ஒழுக வேண்டும். எனவே இவர் குடும்பம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மரம் பார்க்கப்படும். தஞ்சைக்குப் போனார்கள், குற்றாலத்துக்குப் போனார்கள், ராமேஸ்வரமும் போய்வந்தார்கள். ஆல்பத்தில் கோபுரம் இல்லை, அருவி இல்லை, கடலும் இல்லை. பிள்ளைகள் வேப்பிலைச் சுழலுக்கு நடுவே ஆடாமல் அசையாமல் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வயதிலேயே வாய்த்திருக்கும் பொறுமையைப் பார்த்தால் எனக்குச் சற்றுப் பயமாகவே இருக்கிறது.

அடாப்டர் விவகாரத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடிவதில்லை. அதன் உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் காற்று. பழைய எம்42 திருகு லென்ஸ், ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி உட்காருவதற்கென்றே செய்யப்பட்டது. உள்ளே இருந்த நிலைக்கண்ணாடியைத் தூக்கிவிட்ட இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் அந்த இடைவெளி மிகவும் குறைவு. சோனியில் 18 மில்லிமீட்டர்தான். மீதித் தூரத்தைக் குழாய் நிரப்புகிறது. "அப்போ காத்துக்கா இவ்வளவு விலை?" என்று மனைவி கேட்ட கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. கேமராவும் மனைவியின் கட்சிதான். குழாயை மாட்டியதும் தன் முகத்தில் லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டு படமெடுக்க மறுக்கும். மெனுவின் ஆழத்தில் எங்கோ ஒளிந்திருக்கும் 'லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்ற அனுமதியைக் கண்டுபிடித்து இயக்க ஒரு சாயங்காலம் போகும். அதற்குப் பிறகும், படக்குறிப்பில் எஃப் எண் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் வரும். அந்தக் கோட்டை அவர் பட்டம் வாங்கிய பெருமையோடு காட்டுவார்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குப் போனால் இன்னொரு காட்சி. அம்மா கூழ் வத்தல் பிழிந்து காயவைத்திருக்கும் வேட்டியின் ஓரத்தில், அடியில் அலுமினியத் தாள் சுற்றிய ஒரு லென்ஸும் காய்ந்துகொண்டிருக்கும். ஜப்பானின் அசாஹி பென்டாக்ஸ் செய்த சூப்பர் தாக்குமார் 50 மில்லிமீட்டர், எஃப் 1.4. அதன் கண்ணாடி ஒன்றில் தோரியம் கலந்திருக்கிறது. அதன் கதிர்வீச்சே நாளடைவில் கண்ணாடியைப் பழுப்பாக்கிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் கறை மெல்ல மெல்லத் தெளியும்.

"என்னடா இது, வத்தலோட?"

"ஒண்ணுமில்லம்மா, லேசா மஞ்சள் பூத்திருக்கு. உள்ள தோரியம் இருக்குல்ல, அதான். நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்கே, அதே சரக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

அம்மா பதில் பேசவில்லை. வேட்டியோடு வத்தலை இழுத்துக்கொண்டு மாடியின் மறுகோடிக்குப் போய்விட்டார். காக்காய் விரட்டும் பொறுப்பு மட்டும் பழையபடி இரண்டு பொருளுக்கும் சேர்த்து அவரிடமே இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இதே மனிதரைப் பாருங்கள். 35 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 8, வளையம் மூன்று மீட்டரில். லென்ஸின் மேல் பொறித்த தூரக் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு இதன் பொருள் தெரியும்: ஏறக்குறைய இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை எது வந்தாலும் தெளிவாக விழும். வளையத்தைத் தொடவே வேண்டாம். கூடையைத் தலையில் ஏற்றும் கை, ஏலக்காரரின் திறந்த வாய், பனிக்கட்டி உடைக்கும் பையன், எல்லாம் கண்ட கணத்திலேயே படமாகிவிடும். பக்கத்தில் ஒரு தம்பி, கேமரா எந்த முகத்தைச் சுற்றிக் கட்டம் போடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பான். புது லென்ஸ்கள் பலவற்றிலிருந்து இந்தத் தூரக் கோடுகளைத் துடைத்து எடுத்துவிட்டது அநியாயம்தான். அதில் நான் அவர் கட்சி. ஆனால் வீட்டுக்கு வந்ததும் எஃப் 8-ல் எடுத்த நல்ல படங்களையெல்லாம் தள்ளிவிட்டு, எஃப் 2-ல் எடுத்த ஒற்றை நண்டுக் கொடுக்கைத்தான் எல்லோருக்கும் அனுப்புவார். அங்கே நான் அவர் கட்சியில் இல்லை.

அவருடைய வரலாற்றில் உலகம் 1985-ல் கெட்டது. அந்த ஆண்டுதான் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸைக் கேமராவுக்குள்ளேயே குடிவைத்தது. அதே ஆண்டில் சென்னையின் மூர் மார்க்கெட்டும் எரிந்தது. பழைய சாமான்களின் அந்தச் சொர்க்கம் எரிந்ததையும் மினோல்டா வந்ததையும் ஒரே மூச்சில் சொல்வார். இரண்டுக்கும் பின்னால் ஒரே கை இருக்கிறதென்று நமக்கே சந்தேகம் தட்டிவிடும்.

உலகத்தில் அவர் அஞ்சுகிற பொருள் ஒன்றே ஒன்று, ஃபங்கஸ். சென்னைக் காற்றின் ஈரம் லென்ஸுக்குள் புகுந்தால் கண்ணாடியின் மேல் சிலந்தி நூலாகப் பூஞ்சை படரும். முற்றினால் மேல்பூச்சையே அரித்துவிடும். அதனால் வீட்டில் ஒரு காற்றுப்புகா டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர். அடைமழைக் கார்த்திகையில் துவைத்த துணி நாலு நாள் காயாமல் நாறும்போதும் அந்த டப்பாவுக்குள் 45 சதவீதம்தான். மனைவி தன் கூறைப்புடவைக்கு அதில் இடம் கேட்டு மனு போட்டிருக்கிறார்.

லென்ஸ் எங்கெங்கே கிடைக்கும் என்பதில் அவர் மூக்கு தவறுவதில்லை. பரண் உள்ள வீடுகள் எல்லாம் மனப்பாடம். சாவுச் செய்தி வந்தால் முதலில் "அடடா" என்பார். இரண்டாவதாக, "அவரு அந்தக் காலத்துல படமெல்லாம் எடுப்பாரே" என்பார்.

அண்மையில் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் போனார். தொழிற்சங்கத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி கலையும் நேரம், பேச்சு மெதுவாகப் பரணை நோக்கி நகர்ந்தது. நகர்த்தியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மா ஒரு பையனை ஏற்றிவிட்டார். நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் வாங்கிய சோவியத் புத்தகக் கட்டு இறங்கியது. அதன் பின்னால் தோல் உறைக்குள் ஒரு ஜெனிட் இறங்கியது. நம்மவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, உறையின் பொத்தானைப் பிரித்து, லென்ஸைக் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே பார்த்தார்.

உள்ளே முழுக்கப் பூஞ்சை.

முகம் சுருங்கியது. உதடு துடித்தது. கண்ணில் நீர் முட்டியதைக் கூடம் முழுக்கப் பார்த்தது.

"அழாத தம்பி" என்று ஒரு பாட்டி அவர் முதுகைத் தடவினார். "பேரன் பேத்தி எல்லாம் பார்த்துட்டுப் போனாரு. கல்யாணச் சாவு." பெரியம்மாவுக்கும் தொண்டை அடைத்தது. "பெத்த பிள்ளைங்ககூட இப்படி உருகலையே. அந்தக் கேமராவை அவனே வெச்சிக்கட்டும்" என்றார். மகன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நம்மவர் மூக்கை உறிஞ்சியபடி உறையை மூடினார்.

"பெரியம்மா, இதுகூட ஒரு 135-ம் இருந்திருக்கணுமே. இன்னொரு தடவை கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்களேன்."