மூக்கு இறங்கினாலும் மெருகு குறையாது

1965 ஃபோர்டு மஸ்டாங் வைத்திருக்கும் அமெரிக்கருக்கு, முன்பம்பரில் பொட்டளவு துரு தெரிந்தால் தூக்கம் போய்விடும். அதே காரின் முன்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கிக் கிடந்தால் மட்டும் 'என்ன கம்பீரம்!' என்பார். மிஞ்சிப்போனால் புது ஷாக் அப்சார்பர் மாட்டுவார். மூக்கு நிமிராது. எடையைச் சுமப்பது சுருள் ஸ்பிரிங். அதன் நடுவே நிற்கும் ஷாக், துள்ளலை அடக்குவதோடு சரி. வண்டிமாடு படுத்துக்கொண்டதற்குச் சாட்டையை மாற்றுகிற வைத்தியம் இது.

'கேஸ் ஷாக் கொஞ்சம் தூக்குமே' என்பார்கள். தூக்கும், அந்தக் கொஞ்சம்தான். 'தொழிற்சாலையில் போட்ட அசல் ஸ்பிரிங், கழற்றினால் மதிப்புப் போய்விடும்' என்பது அடுத்த வாதம். தொழிற்சாலை கொடுத்த உயரமும் அசல்தானே? அது போன பிறகு மிச்சம் இரும்பின் வயது மட்டுமே; சக்கரக் கோணம் மாறி, டயர் ஒருபக்கமாகத் தேய்வது உபரி லாபம். இன்னொரு கூட்டம் அழகுக்காக ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தே எறிகிறது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். சாலையின் குழியெல்லாம் முதுகெலும்புக்கு முகவரி மாறும். ஸ்பிரிங்கை மாற்றத் தயங்குகிறவர்களிடம், அழுத்திய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொல்லும் என்ற பயம் மட்டும் நியாயமானது. அதற்குத்தான் ஸ்பிரிங் கம்ப்ரஸரும் கைதேர்ந்த மெக்கானிக்கும் இருக்கிறார்கள். ஆனாலும் இரு பக்கமும் ஜோடியாக ஸ்பிரிங் மாற்றுகிறவர் அபூர்வம். காரணம் எளிது: ஸ்பிரிங் புகைப்படத்தில் விழாது.