ஒரு பிடி அரிசி

தேரிக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் அப்போது அடுப்படி மூலையில் ஒரு பனையோலைப் பெட்டி இருக்கும். உலை வைத்ததும் அம்மா அரிசியை உழக்கால் அளந்து சுளகில் போடுவாள். கல் பொறுக்குவாள். பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி, உதடு அசைய ஒரு நொடி நின்று, பெட்டியில் போடுவாள். மூட்டையிலிருந்து தனியாக எடுத்துப் போட்டால் ஆகாது. எங்கள் வயிற்றுக்கென்று அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். பிடி அரிசிக் காணிக்கையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன்.

மழை பொய்த்த ஒரு வருஷம் அப்பா கேட்டார்: “இன்னைக்குமா எடுக்கே?”

“அவரு நம்ம வீட்டு ஆளுல்லா? அவருக்கு மட்டும் இல்லன்னு சொல்லவா?”

அப்பா அதற்குமேல் பேசவில்லை.

சேர்ந்த அரிசி கோவிலுக்குப் போகும். விற்ற பணம் ஊழியத்துக்கு. இப்படிப்பட்ட எளிய வீடுகள் நிறைந்த திருநெல்வேலிச் சபைதான் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, 1912-ல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்.

இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். கிறிஸ்துவே இவ்வீட்டின் தலைவர் என்று எழுதிய சட்டம் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறது. மாதம் பிறந்ததும் காணிக்கை போனிலேயே சபைக்குப் போய்விடும். தாராளமாகக் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கொடுப்பது மாதத்தில் ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கோ அது ஒவ்வொரு உலைக்கும் உண்டு. புகையில் கண் எரிய, பிள்ளைகள் பசியில் சிணுங்க, அந்த நேரத்தில் ‘ஆண்டவர் இங்கே இருக்கிறார்’ என்று அவள் கை அவளுக்கு நினைவூட்டியது. பாரிஸ் கார்மேல் மடத்து அடுக்களையில் வேலை பார்த்து, 1691-ல் மறைந்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தேவ சமுகத்தில் நின்றவர். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. அப்படி ஒருவரைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்!

பட்டணத்து வாழ்க்கைக்கு இது ஒத்துவராது என்பவர்கள் மிசோரமைப் பார்க்க வேண்டும். 1910-ல் அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் தொடங்கிய பிடி அரிசி, விறகடுப்பு போய் காஸ் அடுப்பு வந்த பிறகும் தொடர்கிறது. சபையின் ஊழியத்தைத் தாங்கும் பெரிய வருமானங்களில் ஒன்று அது.

மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “சரி மாமா, சப்பாத்தி போடுற அன்னைக்கு என்ன செய்யணும்?” என்றாள்.

“மாவுல ஒரு பிடி எடும்மா.”