சொந்தக் கையே எலக்ட்ரீஷியன்

அன்னூர்ப் பக்கம் ஒரு சீலிங் ஃபேன் மாட்ட ஆள் கூப்பிடுவது மாவட்டத்துக்கே இழுக்கு. ஜி.டி. நாயுடு 1937-லேயே மின் மோட்டார் செய்து காட்டிய சீமை இது. இங்கே போய் எலக்ட்ரீஷியனுக்குக் கூலி அழுவதா?

எங்கள் தெரு அண்ணன் அழுவதில்லை. பாதுகாப்பிலும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஏணி வழுக்குமாம், அதனால் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் முக்காலி. பிடித்துக்கொள்ள வீட்டம்மா இருக்கிறார், அடுப்பில் பால் பொங்கும்வரை. காலில் ரப்பர் செருப்பு. காலை மழையில் நனைந்ததுதான், ஆனாலும் ரப்பர் ரப்பர்தானே? 230 வோல்ட் அதற்கு மரியாதை கொடுக்கும். டெஸ்டர் உண்டு, பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவதற்கு. மெயினை மட்டும் அணைப்பதில்லை; உள்ளே அம்மாவுக்கு சீரியல் ஓடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. அதையும் அண்ணனே வாங்கி, அண்ணனே மாட்டினார். ஆனால் அவர் ஒயரில் கை வைக்கும்போதெல்லாம் அது விழுந்துகொண்டே இருந்தது.

“மட்டமான சரக்குங்க, தொட்டாலே விழுகுது” என்று ஒரு துண்டு ஒயரால் அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்தார். அப்புறம் அது ஒருமுறைகூட விழவில்லை. அண்ணன்தான் விழுந்தார்.

வலக்கையில் மாவுக்கட்டு. இடக்கையால் டிரில்லிங் மெஷின் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.