ஆறை மூன்றாக்கிய அருள்

சுந்தரர் பட்ட பாடு ஊரறியும். திருவொற்றியூரில் கொடுத்த சத்தியத்தை மீறியதற்குக் கண் இரண்டும் போயின. வெண்பாக்கத்தில் முறையிட்டார், ஊன்றுகோல்தான் கிடைத்தது. இடக்கண்ணுக்குக் காஞ்சிபுரம், வலக்கண்ணுக்குத் திருவாரூர் என்று நடையாய் நடந்தார். தம்பிரான் தோழருக்கே இந்த அலைச்சல். அந்தக் காலத்தில் டெல்லியில் ஒரு சுகாதார அமைச்சகம் இல்லாமல் போனது அவருடைய போறாத காலம்.

அந்த அமைச்சகம் 2017-இல் நிகழ்த்திய அற்புதத்தைப் பாட இன்றுவரை ஒரு புலவரும் வாய்க்கவில்லை என்பதால் நானே துணிகிறேன். அதுவரை, ஆறு மீட்டர் தள்ளிக் காட்டும் விரல்களை எண்ண முடியாதவர் நம் நாட்டுக் கணக்கில் பார்வையற்றவர். 2017-இல் அந்த ஆறு, மூன்றாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் அளவும் நம் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சொன்ன காரணம். ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? நியாயம்தான்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பாட்டி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சுவரை ஒட்டி ஒருவர் விரலைக் காட்டுகிறார். "எத்தனை, பாட்டி?" "எங்க சாமி காட்டுற?" முன்பு என்றால் அத்தோடு எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது அவர் நாலு எட்டு முன்னால் வருகிறார். "மூணு," என்கிறார் பாட்டி. முடிந்தது, பார்வை வந்துவிட்டது! கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரு சொட்டு மருந்துகூட இல்லை. கண்ணில் இருந்த புரை இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. 'கடும் பார்வைக் குறைபாடு' என்று பக்கத்துக் கட்டத்தில் அவரை உட்காரவைத்தாயிற்று. ஒரே ஆணையில் இப்படி லட்சக்கணக்கானோருக்கு அருள்பாலித்தவர்கள் விளம்பரம்கூடத் தேடிக்கொள்ளவில்லை.

2006–07 கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஒருவராக இருந்த பார்வையின்மை, 2015–19 கணக்கெடுப்பில் 0.36 ஆகியிருக்கிறது. அறுவை செய்த மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை நான் மறைக்கமாட்டேன். பாவம், அவர்களால் ஒவ்வொரு கண்ணாகத்தானே செய்ய முடிகிறது.

அப்படி ஒவ்வொரு கண்ணாகச் செய்து காலத்தை வீணாக்கியவர் மதுரையில் ஒருவர் இருந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கை. அந்தக் கையால் லட்சத்துக்கு மேல் அறுவைகள். அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடாமல், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இருப்பவர் கொடுப்பார், இல்லாதவருக்கு இலவசம். புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் விற்றது. எட்டாத பொருளை மறந்துவிட்டு, எல்லாருக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டியிருந்தால் போயிற்று. அதைவிட்டு, 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்று ஆலை போட்டு லென்ஸ் விலையைப் பத்தில் ஒரு பங்காக்கினார்கள். மூன்று மீட்டர் யோசனை தோன்றியிருந்தால் இவ்வளவு செலவும் மிச்சம்.

அமைச்சகத்தை மட்டும் புகழ்ந்தால் நம் வீடுகள் கோபித்துக்கொள்ளும். பெற்றவளைப் பிள்ளைகள் பேணும் அழகே தனி. "புரை இன்னும் முத்தலை, முத்தட்டும்" என்பார் மூத்தவர். முத்தும்வரை காத்திருந்தது பழைய வைத்தியம், இன்றைக்கு அது வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னாலும், அவசரப்படுகிற டாக்டரை நம்பிவிடுகிற ஆளா அவர்? "இந்த வயசுல கண்ணு தெரிஞ்சு கலெக்டர் உத்தியோகமா பாக்கப்போகுது?" என்பார் இளையவர். பாட்டியும் திண்ணையில் உட்கார்ந்து அரிசியைத் தடவித் தடவிக் கல் பொறுக்குகிறார். தம்ளரின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றுகிறார். விரல் சுட்டால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். முதியோர் பணத்தில் எது நூறு, எது இருநூறு என்று பேரன்தான் சொல்லவேண்டும். அவனும் சொல்கிறான், அவனுக்குச் சௌகரியமானபடி. தாத்தாவுக்கு மட்டும் போன தை மாசமே ஆபரேஷன் ஆகிவிட்டது. அவர் டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படிக்கவேண்டியவர். புரை பெண்களுக்குத்தான் அதிகம், அறுவை போய்ச் சேர்வது ஆண்களுக்குத்தான் முதலில் என்கிற உண்மையில், அம்மாவுக்குக் கத்தி வலி கூடாது என்ற பாசத்தைத் தவிர வேறென்ன இருக்க முடியும்?

மெடிக்கல் கடைக்காரரை விட்டுவிட்டால் பாவம் வந்து சேரும். கதிரடிக்கும்போது கண்ணில் உமி பட்டு ஓடி வருகிறவரிடம் சீட்டு எங்கே, டாக்டர் யார் என்று கேட்டு நோகடிக்காத பெருந்தகை அவர். கையில் கிடைத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுப்பார். சிவப்பு மறுநாளே குறையும், கைராசிக்காரர் என்று பெயரும் வரும். உள்ளே கருவிழியில் பூஞ்சைப் புண் இருந்தால் அதே மருந்து அதை ஊட்டி வளர்க்கும். கருவிழி வெளுத்துப்போன பிறகு புரைபோல அதைக் கால்மணி நேரத்தில் சரிசெய்ய முடியாது. அதற்குள் கடைக்காரர் அடுத்தவருக்குச் சொட்டு கொடுத்துக்கொண்டிருப்பார்.

இலவசக் கண் முகாம் நடத்தும் பிரமுகர்களுக்குத் தனிக் காவியமே வேண்டும். அவர்கள் வைக்கும் பிளெக்ஸ் போர்டை ஆறு மீட்டர் என்ன, அறுபது மீட்டரிலும் முற்றிய புரைக்காரர் படித்துவிடுவார். தலைவரின் மூக்கே ஒரு முழம். தெருக்கோடி வீட்டில் படுத்திருப்பவரைக் கூட்டி வர ஓர் ஆட்டோ வைத்திருக்கலாம்தான், ஆனால் ஆட்டோவில் அவ்வளவு பெரிய மூக்கை ஒட்ட முடியாதே. 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தென்னிந்தியக் கிராமங்களில் கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேர்தான். சிகிச்சை இலவசம்தான். பஸ் காசும், ஒரு நாள் கூலியும், துணைக்கு வரும் ஆளும் இலவசம் இல்லை. வராத தொண்ணூற்று மூன்று பேரும் கூட்ட நெரிசலைத் தவிர்த்து, போட்டோ நன்றாக விழ உதவிய புண்ணியவான்கள்.

2015–19 கணக்கெடுப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு புரையால் வந்தது. அந்த அறுவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அரசு மருத்துவமனையில் காசு கேட்கமாட்டார்கள். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போக வீட்டில் ஒருவர் ஒரு நாள் லீவு போட்டால் போதும்.